பயிற்சியின்போது கைகால் மரத்துப்போவது ஏன்?



சென்ற மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நமது மருத்துவமனையை வெகு காலமாகத் தாங்கிவருகிற குடும்பம் அவர்களுடையது. வழக்கமாக அவர்கள் கடிதத்தில் பேரப்பிள்ளைகளின் சுகமும் சேகரத்துச் செய்திகளும் இருக்கும். இந்த முறை ஒரு கேள்வி இருந்தது.

"ஐயரவர்களுக்கு ஸ்தோத்திரம். மகள் கைபேசியில் காட்டிய பயிற்சிகளைக் காலையில் அரை மணி நேரம் செய்துவருகிறேன். கையைத் தரையில் ஊன்றி உடம்பை நீட்டும்போது விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. காலை நீட்டிக் குனிந்தால் பாதம்வரை சுரீர் என்று ஓடுகிறது, பிறகு மரத்துப்போகிறது. அடைபட்ட இரத்தம் ஓடத் தொடங்குகிறது, நல்ல அடையாளந்தான், விடாமல் செய்யுங்கள் என்று பக்கத்து வீட்டம்மா சொல்கிறார்கள். தொடரலாமா?"

நான் மருத்துவன் அல்ல. வார்டு வார்டாக நடந்து, கட்டிலருகே உட்கார்ந்து, சொல்வதைக் கேட்டு ஜெபிக்கிறவன். இப்படிப்பட்ட கேள்விகளை டாக்டரிடம் அனுப்பிவிடுவதே என் வழக்கம். ஆனால் இந்தக் கேள்விக்கு நானே பதில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏனென்றால் சில வருஷங்களுக்கு முன் ஒருவர் இதே கேள்வியை என்னிடம் கேட்டார். பக்கத்து வீட்டம்மா சொன்ன அதே பதிலை அன்று நானும் சொன்னேன். அதனால் வந்த கேட்டைப் பின்னால் எழுதுகிறேன். முதலில் காரியத்தை விளக்கிவிடுகிறேன். நமது பிசியோதெரபி பிரிவை நடத்துகிற சகோதரி எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததும், டாக்டர் ஒருவர் திருத்திக் கொடுத்ததும்தான் இங்கே இருக்கின்றன.

இரவில் கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கிவிட்டு, விழித்துப் பார்த்தால் கை கட்டையாகக் கிடப்பது எல்லாருக்கும் நேர்ந்திருக்கும். "கையில் இரத்த ஓட்டம் நின்றுபோச்சு" என்கிறோம். அடுத்த முறை அப்படி நேர்ந்தால் அந்தக் கையில் நாடி பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் நாடி ஓடிக்கொண்டிருக்கும், உள்ளங்கை வெதுவெதுப்பாகவே இருக்கும். அழுத்தப்பட்டது நரம்பு. நரம்புக்கும் உயிர்வாழ இரத்தம் வேண்டும். நரம்பின் மேலும் உள்ளும் தலைமயிரைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. நரம்பை நசுக்கினாலோ இழுத்துப் பிடித்தாலோ அந்தச் சின்னக் குழாய்கள் அடைபடும். சிறிது நேரத்தில் நரம்பு செய்தி அனுப்புவதை நிறுத்திவிடும். அதுதான் மரத்துப்போதல். அழுத்தம் நீங்கியதும் நரம்பின் இழைகள் ஒன்று முந்தி ஒன்று பிந்தி விழித்துக்கொண்டு, தொடாமலே தொட்டதாகவும் குத்தாமலே குத்தியதாகவும் மூளைக்குச் செய்தி அனுப்பும். ஊசி குத்துவதும் எறும்பு ஊர்வதும் இதனால்தான். ஆகவே, அது புதிதாக இரத்தம் ஓடுகிற அடையாளம் அல்ல. நரம்பு செய்கிற முறையீடு.

நீட்டி மடக்கும் பயிற்சியில் இது ஏன் வருகிறது? தசை ரப்பரைப்போல நீளும், விட்டால் சுருங்கும். நரம்பு அப்படியல்ல. சகோதரி எனக்குச் சைக்கிளைக் காட்டி விளக்கினார்கள். பிரேக் ஒயர் தன் உறைக்குள் முன்னும் பின்னும் வழுக்கிப் போகிறதே, அதுபோல நரம்பும் தசைகளுக்கு நடுவே வழுக்கிப் போகிறது. முழங்கையை நீட்டினால் ஒரு பக்கமும் மணிக்கட்டை வளைத்தால் வேறு பக்கமும் அது நகரும். வழியில் எங்கேயாவது உறை இறுகியிருந்தால் நகர முடியாமல் இழுபடும். எவ்வளவு இழுபடலாம் என்பதற்கும் அளவு இருக்கிறது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த லுண்ட்போர்க், ரிடெவிக் என்ற இரண்டு மருத்துவர்கள் 1973இல் முயலின் கால் நரம்பை இழுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இருந்த நீளத்தைவிட 8 சதவீதம் இழுத்தபோதே நரம்புக்குள் இரத்த ஓட்டம் தடுமாறத் தொடங்கியது. 15 சதவீதத்தில் முற்றிலும் நின்றுவிட்டது. நூறு அங்குலக் கயிற்றை எட்டு அங்குலம் இழுப்பது நமக்கு அற்பமாகத் தோன்றும். நரம்புக்கு அது அற்பமல்ல.

தசை இழுபடுகிறதா, நரம்பு இழுபடுகிறதா என்று கண்டுகொள்வது கடினமல்ல. தசையின் வலி மந்தமாக, தொடையின் பின்புறமோ கெண்டைக்காலோ நீட்டப்பட்ட இடத்திலேயே இருக்கும். விட்டால் நீங்கிவிடும். நரம்பின் உணர்வு ஒரு கோடு போல ஓடும். நீட்டியது இடுப்பாக இருக்கும், மின்னுவது பாதத்தில் இருக்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை இன்னொருவர் உயர்த்தும்போது சுரீர் என்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையிலேயே பாதத்தை முகத்துக்கு நேராக மடக்கும்போது சுரீர் அதிகமானால், அது பெரும்பாலும் நரம்பு. தொடையின் பின்தசை முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கணுக்காலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இடுப்பிலிருந்து உள்ளங்கால்வரை தொடர்ந்து ஓடுவது நரம்புதான். காலை உயர்த்திப் பார்க்கும் இந்தப் பரிசோதனையைப் பாரிஸ் நகரத்து டாக்டர் லாசேக்கின் பெயரால் அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட் 1881இல் எழுதிவைத்தார். இன்றைக்கும் எலும்பு டாக்டர்கள் முதுகுவலிக்காரரைப் படுக்கவைத்து முதலில் செய்வது அதைத்தான். முதுகுவலி உள்ளவர்கள் வீட்டில் தாங்களாகச் செய்துபார்க்க வேண்டாம்.

நரம்பு அகப்பட்டுக்கொள்கிற இடங்கள் சில உண்டு. கைக்குப் போகும் நரம்புகள் கழுத்திலிருந்து இறங்கி, காறை எலும்புக்கும் முதலாம் விலா எலும்புக்கும் இடையேயுள்ள சந்து வழியாக வருகின்றன. கையைத் தலைக்குமேல் வெகுநேரம் தூக்கி நிறுத்தும்போது சிலருக்கு அந்தச் சந்து ஒடுங்குகிறது. மணிக்கட்டில் இன்னும் நெருக்கடி. ஒரு விரல் பருமனுள்ள குகைக்குள் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் சேர்ந்து போகின்றன. உள்ளங்கையைத் தரையில் ஊன்றி உடம்பின் பாரத்தை அதன்மேல் வைத்தால் அந்த நரம்பு நெருக்கப்படும். அப்போது பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மதமதக்கும். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மதமதத்தால், முழங்கையின் உட்புறம் எலும்பை ஒட்டிப் போகிற நரம்பின்மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். கதவில் முழங்கை இடித்தால் கரண்டு அடித்ததுபோலத் துள்ளுகிறோமே, அதே நரம்புதான். டாக்டரிடம் போகும்போது "கை மரத்துப்போகுது" என்று மட்டும் சொல்லாமல் எந்த விரல் என்று சொன்னீர்களானால் அவருடைய பாதி வேலை முடிந்தது.

காலில் முக்கியமான இடம் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம். அங்கே விரலை வைத்தால் ஒரு எலும்பு முனை தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித் தோலுக்குச் சற்று அடியிலேயே நரம்பு ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்குகிற தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோவது இதுதான். சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தாலும், குத்தவைத்து வேலை செய்தாலும், குதிகாலின்மேல் உட்கார்ந்தாலும் இது நெருக்கப்படும். 1971இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் சூசிட் என்ற நரம்பியல் மருத்துவர் இதைப்பற்றி எழுதினார். யோகாசனத்தில் வெகுநேரம் குதிகாலின்மேல் அமர்ந்திருந்த ஒருவருக்குப் பாதம் தொய்ந்துபோனதாம். அதைப் படித்துவிட்டு, "ஆசனம் செய்கிறவர்களுக்கு வருகிறது, நமக்கென்ன" என்று நம்மவர்கள் சொல்லிவிட முடியாது. முழுஇரவு ஜெபத்தில் முழங்காற்படியிட்டுக் குதிகாலின்மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிக்கிற எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். நரம்புக்கு ஆசனமும் ஜெபமும் ஒன்றுதான். அதற்குத் தெரிந்தது அழுத்தமும் நேரமும் மட்டுமே.

இந்த இடங்களை நான் இவ்வளவு விவரமாக எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முழங்கை, மணிக்கட்டு, முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்காலின் உட்பக்கம் என்று நரம்பு தோலுக்கு அருகே வருகிற இதே இடங்களைத்தான் தொழுநோயும் தாக்குகிறது. அந்தக் கிருமி உடம்பின் குளிர்ந்த பகுதிகளை விரும்புகிறது. கொல்லிமலை மிஷனெரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூருக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் மடங்கிப்போன கைகளைக் கண்டு, அதற்கான காரணத்தைத் தேடத் தொடங்கினார். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று உலகமே நம்பியிருந்த காலம் அது. விரல்களை அழிப்பது நோய் அல்ல, உணர்வில்லாமைதான் என்று அவர் காட்டினார். சூடான பாத்திரமும் செருப்பிலுள்ள ஆணியும் வலிக்காததால் கையும் காலும் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சிதைகின்றன.

அவருடைய வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1950களில் ஒருமுறை இங்கிலாந்தில் நெடுநேர ரயில் பயணம் முடிந்து, சுகமில்லாமல் களைத்துப்போய் இரவில் அறைக்கு வந்தார். காலுறையைக் கழற்றும்போது ஒரு குதிகாலில் உணர்வில்லை. ஊசியை எடுத்துக் குத்தினார். வலிக்கவில்லை. வருஷக்கணக்காகத் தொழுநோயாளிகளின் நடுவே இருந்தவர் என்ன நினைத்திருப்பார்! குடும்பத்தைப் பிரிய வேண்டியிருக்கும் என்றெல்லாம் எண்ணி அன்றிரவு முழுவதும் தூங்கவில்லை. விடிந்ததும் மறுபடியும் குத்திப் பார்த்தார். வலித்தது. ரயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் நரம்பு ஒன்று அழுந்தியிருந்தது, அவ்வளவுதான். அந்தக் காலை வலிக்காகக் கடவுளை ஸ்தோத்திரித்ததாகச் சொல்வார். அந்த நிலையில் வேறொரு டாக்டராக இருந்தால் சிரித்திருக்கக்கூடும். அவருக்கு வித்தியாசம் தெரியும். திரும்பி வருகிற உணர்வு வேறு, திரும்பி வராத உணர்வு வேறு.

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது கடந்த கொத்தனார் ஒருவர் சர்க்கரைக்கு மருந்து வாங்க வந்துகொண்டிருந்தார். மருந்தோடு பயிற்சியும் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் வராந்தாவில் என்னிடம், "ஐயா, காலை நீட்டுனா உள்ளங்கால் மதமதங்குது. பஞ்சுமேல நடக்கிற மாதிரி இருக்கு" என்றார். நான், "ரத்தம் ஓடுது கொத்தனாரே, விடாமச் செய்யும்" என்றேன். என் வாய்க்கு அப்போது அது நல்ல வார்த்தையாகத் தோன்றியது. மூன்று மாதம் கழித்து வந்து, "மதமதப்பு குறைஞ்சிட்டு ஐயா" என்றார். இரண்டுபேரும் சந்தோஷப்பட்டு ஜெபித்தோம்.

குறைந்தது வியாதி அல்ல, உணர்வு. சர்க்கரை நீடித்து உயர்ந்திருந்தால் மிக நீளமான நரம்புகளின் நுனிகள் முதலில் கெடும். அதனால்தான் கால்விரல்களில் தொடங்குகிறது. ஆரம்பத்தில் எரிச்சலும் ஊசி குத்தலுமாகக் கூப்பாடு போடுகிற நரம்பு, பிறகு மௌனமாகிவிடும். அந்தச் சித்திரை மாதத்தில் அவர் மொட்டைமாடியில் காலை பத்து மணிக்கு வெறுங்காலோடு பயிற்சி செய்திருக்கிறார். உள்ளங்கால் கொப்பளித்தது அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் நடந்த தடத்தில் ஈரத்தைப் பார்த்த அவருடைய மனைவிதான் கண்டுபிடித்தார்கள். புண் ஆழமாகி, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. வார்டில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன ஐயா செய்வீங்க, காலு சொல்லலையே" என்றார். அவர் சொன்னது நியாயந்தான். ஆனாலும் மூன்று மாதத்துக்கு முன்னால் கால் என்னிடம் சொல்லியிருந்தது.

அவருடைய பாதத்தை அப்போதே பரிசோதித்திருக்கலாம். ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, அது வளையும்வரை மெதுவாக அழுத்துவார்கள். 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். கண்ணை மூடியிருக்கிறவர் அதை உணராவிட்டால் பாதுகாப்பு போய்விட்டதென்று அர்த்தம். ஐந்து நிமிஷத்தில் முடிகிற பரிசோதனை இது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியாயிற்று. அவர்களில் எத்தனைபேர் பாதத்தைக் காட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகையால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று எழுதுகிறேன். பயிற்சியில் வந்து, நிலையை மாற்றியதும் ஓரிரு நிமிஷத்தில் மறைகிற மதமதப்புக்குப் பயப்பட வேண்டாம். அந்த நிலையைத் தளர்த்தினால் போதும். மூச்சை வேகமாக வாங்கிவிட்டுச் செய்கிறவர்களுக்கு உதட்டைச் சுற்றியும் இரண்டு கைவிரல்களிலும் ஒருமித்து மதமதப்பு வருவதுண்டு. இரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் அது வருகிறது. மெதுவாக மூச்சுவிட்டால் போய்விடும்.

ஆனால் பயிற்சி முடிந்து வெகுநேரமாகியும் உணர்வு திரும்பவில்லையென்றாலும், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினாலும், சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினாலும், நடக்கும்போது பாதம் தட்டினாலும், செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்தாலும் காட்டியே ஆகவேண்டும். இரண்டு பாதமும் சமமாக விரலிலிருந்து மேல்நோக்கி மரத்துவந்தால் சர்க்கரையையும் வைட்டமின் பி12ஐயும் பார்க்க வேண்டும். மாமிசம், முட்டை, பால் உண்ணாதவர்களுக்கும், மெட்பார்மின் மாத்திரை பல வருஷம் சாப்பிட்டவர்களுக்கும் பி12 குறைவதுண்டு. குடிப்பழக்கமும் நரம்பைக் கெடுக்கும். கழுத்தைக் குனியும்போது முதுகெலும்பில் கரண்டு ஓடுவதுபோல் இருந்தால் கழுத்துப் பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். தொடைகளின் நடுவே உட்காரும் பகுதி மரத்து, சிறுநீர் அடைத்தாலோ அடங்காமல் போனாலோ அது அன்றைக்கே அறுவைச் சிகிச்சை தேவைப்படக்கூடிய அவசரம். வெட்கப்பட்டு ஒரு இரவு தாமதிக்கிறவர்கள் வாழ்நாளெல்லாம் அதனால் கஷ்டப்படக்கூடும். ஒரு பக்கத்து முகமும் கையும் திடீரென்று மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். காலைத் தேய்த்துக்கொண்டிராமல் 108க்குக் கூப்பிடுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றி, அந்த இடத்தில் தொட்டால் தெரியாவிட்டால் அதைக் களிம்பு பூசி மறைக்கவேண்டாம். 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தால் தொழுநோய் முற்றிலும் குணமாகிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட வேண்டும், மருந்து இலவசம். நரம்பு சாகுமுன் வந்தால் விரல் மடங்காது. நமது கோயில்களில்கூட இந்த வியாதியின் பெயரைச் சொல்ல இன்னும் கூசுகிறோம். அந்தக் கூச்சத்தினாலேயே தாமதமாகி வருகிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

பயிற்சியை விட்டுவிடச் சொல்கிறேனென்று யாரும் எண்ணவேண்டாம். நரம்புக்கும் அசைவுதான் மருந்து. தசை லேசாக இழுபடும் அளவில் நிறுத்தி 15 முதல் 30 விநாடி வைத்திருந்து விடுங்கள். குதித்துக் குதித்து நீட்டவேண்டாம். மதமதப்பு வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திராமல், கொஞ்சம் பின்வாங்கி, அந்த மூட்டை மெதுவாக மடக்கி நீட்டி அசையுங்கள். பிரேக் ஒயர் உறைக்குள் ஓடட்டும் என்பார்கள் சகோதரி. மணிக்கட்டு நோகிறவர்கள் தரைக்குப் பதிலாகச் சுவரிலோ மேஜை விளிம்பிலோ கையை ஊன்றலாம், முஷ்டியாக மடக்கியும் ஊன்றலாம். சர்க்கரை உள்ளவர்கள் பாயின்மேல் நிழலில் செய்துவிட்டு, இரண்டு உள்ளங்காலையும் கண்ணால் பார்க்கவேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கொத்தனார் இப்போது அப்படித்தான் செய்கிறார்.

ஆசிரியையம்மா நான் எழுதியதன்பேரில் மகளோடு வந்து காட்டினார்கள். எந்த விரல் என்று டாக்டர் கேட்டதும் பெருவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் காட்டினார்கள். மணிக்கட்டு நரம்புதான். இரவில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள். கால் சுரீர் என்பது இடுப்பு முதுகெலும்பிலிருந்து வருகிறது, குனியும் பயிற்சியைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறார்கள். ஜெபத்தில் குதிகாலின்மேல் உட்காரலாமா என்று புறப்படும்போது கேட்டார்கள். நாற்காலியில் உட்காருங்கள் டீச்சரம்மா, நானும் மூன்று வருஷமாக அப்படித்தான் ஜெபிக்கிறேன் என்றேன். பக்கத்து வீட்டம்மாவையும் அடுத்த வியாழக்கிழமை அழைத்துவரும்படி சொல்லியனுப்பியிருக்கிறேன். அவர்களுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறதாம். பாதத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லையாம்.